பனியன் குடோனுக்கு எத்தனை எச்.பி. பம்பு வேண்டும்? ஃபயர் பம்பின் அளவும் ஸ்டேண்ட்பையும்

கோயம்புத்தூர்ப் பக்கம் யாருக்கும் பம்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிணற்றில் மோனோபிளாக், போரில் சப்மெர்சிபிள், வீட்டுத் தொட்டிக்கு அரை எச்.பி. என்று ஏதாவது ஒன்று எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கணபதி, பீளமேடு பக்கம் நாலு தெரு நடந்தால் இம்பெல்லர் வார்க்கிற பவுண்டரியோ காயில் கட்டுகிற கடையோ கண்ணில் படாமல் போகாது. இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் 1937-இல் இந்த ஊரில்தான் உருவானது.

ஆனால் ஃபயர் பம்பு என்று வரும்போது இந்த அனுபவமே காலை வாரிவிடுகிறது. குடோன் கட்டுகிற முதலாளி இன்ஜினியரிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தோட்டத்துல ஏழரை எச்.பி. ஓட்டி அஞ்சு ஏக்கரும் பாய்ச்சறமுங்க. ஒரு குடோனுக்கு நூத்தம்பது எச்.பி. எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். தோட்டத்துப் பம்பை வாங்கும்போது கரண்ட் மிச்சமாக வேண்டும், மோட்டார் காயில் போகாமல் இருக்க வேண்டும், கோளாறு என்றால் தானாக நின்றுவிட வேண்டும் என்று பார்க்கிறோம். இன்றைக்கு நின்றால் நாளைக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். ஃபயர் பம்புக்கு நாளை என்பது கிடையாது. வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மோட்டார் எரிந்தே போனாலும் தண்ணீர் வந்தால் போதும். அளவு போடுவது, மாற்று ஏற்பாடு செய்வது, பேனலில் என்ன இருக்கலாம் என்ன இருக்கக் கூடாது என்பது எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறவை.

எல்லாம் ஒரே நேரத்தில் திறக்காது

பம்புக்குப் போகும் முன் ஸ்பிரிங்க்ளரைப் பார்த்துவிடுவோம். கூரைக்குக் கீழே ஓடுகிற குழாயில் வரிசையாகத் தொங்குகிற சின்ன பித்தளைத் தலைதான் ஸ்பிரிங்க்ளர் ஹெட். அதன் நடுவே சுண்டுவிரல் நகம் அகலத்துக்குக்கூட வராத ஒரு கண்ணாடிக் குமிழ், உள்ளே வண்ணத் திரவம். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸ். கூரையடியில் சூடு அந்த அளவைத் தாண்டினால் திரவம் விரிந்து குமிழ் உடையும், அடைப்பு விழும், தண்ணீர் கொட்டும். அந்த ஒரு ஹெட்டில் மட்டும்தான். பக்கத்து ஹெட் திறக்க வேண்டுமானால் அதன் குமிழும் தனியாகச் சூடேறி உடைய வேண்டும்.

சினிமாவில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கட்டிடம் முழுக்க மழை கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து, நிஜத்திலும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். எல்லா ஹெட்டும் ஒன்றாகக் கொட்டுகிற அமைப்பு தனியாக இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் போன்ற இடங்களுக்கு வைப்பது அது. குடோனுக்கும் மில்லுக்கும் வைக்கிற சாதாரண ஸ்பிரிங்க்ளர் அந்த வகை இல்லை.

பம்பின் அளவுக்கு இதுதான் அடிப்படை. மொத்தம் எத்தனை ஹெட் இருக்கிறது என்பதை வைத்துப் பம்பு வாங்குவதில்லை. ஒரு தீ அடங்குவதற்குள் மோசமான நிலையில் எத்தனை ஹெட் திறக்கும் என்பதுதான் கணக்கு.

ஒரு குடோனை வைத்துக் கணக்குப் போடுவோம்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஏற்றுமதி பனியன் குடோன் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 100 மீட்டர், அகலம் 50 மீட்டர், கூரை உயரம் 9 மீட்டர். ரேக்கில் அட்டைப்பெட்டிகள் ஏழரை மீட்டர் உயரம் வரை அடுக்கியிருக்கிறது. இப்படி உயரமாக அடுக்குகிற இடத்துக்கு இப்போது அதிகம் வைப்பது ஈ.எஸ்.எஃப்.ஆர். வகை ஹெட். தீ சின்னதாக இருக்கும்போதே சட்டென்று திறந்து, நிறையத் தண்ணீரை வேகமாகக் கொட்டி அமுக்கிவிடுகிற ரகம். ஒரு ஹெட் அதிகபட்சம் 9.3 சதுர மீட்டரைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் குடோனுக்குச் சுமார் 540 ஹெட் வரும்.

ஒவ்வொரு ஹெட்டுக்கும் 'கே' என்று ஒரு எண் உண்டு. ஹெட்டின் வாயிலில் இருக்கும் பிரஷருக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை இந்த 'கே'யால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். நம் குடோனுக்குக் கே 200 ஹெட், வாயிலில் 3.5 பார் பிரஷர் என்று எடுத்துக்கொள்ளலாம். 3.5-இன் வர்க்கமூலம் 1.87. ஆக ஒரு ஹெட்டுக்கு நிமிடத்துக்கு 374 லிட்டர்.

540 ஹெட்டும் திறந்தால் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் தருகிற பம்பை ஒரு குடோனுக்கு வைக்க முடியாது, வைக்கவும் வேண்டியதில்லை. ஸ்பிரிங்க்ளருக்கான அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 13 இந்த வகை ஹெட்டுக்கு 12 மட்டும் திறப்பதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 12 ஹெட்டுக்கு 4,490 லிட்டர். பம்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஹெட்டில் பிரஷர் சற்று அதிகமாக இருக்கும், தேவைக்கு மேலேயே கொட்டும். அதையும் சேர்த்து 4,700 என்று வைப்போம். ஹோஸ் பிடித்து அடிக்கிறவர்களுக்கு 950 லிட்டர். மொத்தம் நிமிடத்துக்கு 5,650 லிட்டர்.

இந்த 12 ஹெட் எங்கே இருப்பவை என்பதும் முக்கியம். பம்பு ரூமிலிருந்து ரொம்பத் தூரத்து மூலையில், உயரத்தில், தண்ணீர் போய்ச் சேரவே சிரமப்படுகிற இடத்தில் இருப்பவற்றைத்தான் எடுக்க வேண்டும். அங்கே 3.5 பார் கிடைத்துவிட்டால் மற்ற இடமெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

இதோடு ஒரு நூல் மில்லை ஒப்பிட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பல்லடம் பக்கம் 20,000 சதுர மீட்டரில் ஒரு ஸ்பின்னிங் ஷெட், அதாவது நம் குடோனைப் போல நாலு மடங்கு. ஆனால் ஜவுளி உற்பத்தியை என்.எஃப்.பி.ஏ. 13 நடுத்தர ஆபத்து வகுப்பில் வைக்கிறது. மோசமான மூலையில் 139 சதுர மீட்டருக்கு, சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 8.1 லிட்டர் விழுந்தால் போதும். அது சுமார் 1,130 லிட்டர். ஹோஸுக்கு 950 சேர்த்தால் 2,080. நாலு மடங்கு பெரிய கட்டிடத்துக்குப் பாதிக்கும் குறைவான பம்பு! கட்டிடத்தின் சதுர அடியைச் சொல்லி "எத்தனை எச்.பி. வரும்?" என்று போனில் கேட்பதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான். உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு உயரத்துக்கு அடுக்குகிறீர்கள் என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. அதே மில்லின் கழிவுப் பஞ்சுக் கிடங்கும் பேல் அடுக்குகிற குடோனும் வேறு வகுப்பு. அவற்றுக்குத் தனிக் கணக்குப் போட்டு, எது பெரியதோ அதற்குத்தான் பம்பு வாங்க வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டியதில்லை. இரண்டு கட்டிடத்தில் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும் என்று விதிகள் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தியாவில் ஸ்பிரிங்க்ளருக்கு ஐ.எஸ். 15105 என்ற நெறிமுறை இருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வழியாக வந்த பழைய டி.ஏ.சி. ரூலை இன்னும் ஃபீல்டில் பேசுகிறார்கள். எண்கள் விதிக்கு விதி மாறும். மிதமான ஆபத்துக்கு டி.ஏ.சி. கணக்கு, சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 360 சதுர மீட்டர். எந்த விதியை எடுத்தாலும் முறை ஒன்றுதான்: இவ்வளவு பரப்பு, அதில் இவ்வளவு அடர்த்தி, அதற்கு மேல் ஹோஸுக்குக் கொஞ்சம். எந்த விதி என்பதை முதலிலேயே தீயணைப்புத் துறையிடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் பேசி முடித்துவிடுவது நல்லது. பாதிக் கணக்கு இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் எடுத்துப் போட்ட டிசைன்கள் கடைசியில் எந்த விதிக்கும் ஒத்துவராமல் நிற்கும்.

பிரஷர், எச்.பி., கர்வ்

லிட்டர் கிடைத்துவிட்டது. இனி ஹெட் கணக்கு. (பம்புக்காரர்கள் 'ஹெட்' என்றால் தண்ணீரைத் தூக்குகிற உயரம். ஸ்பிரிங்க்ளர்காரர்கள் 'ஹெட்' என்றால் அந்தப் பித்தளைத் தலை. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் வேடிக்கையாக இருக்கும்.) தூரத்து மூலையில் 3.5 பார் வேண்டும். 9 மீட்டர் மேலே தூக்க 0.9 பார், பத்து மீட்டருக்கு ஒரு பார் என்பது தோராயக் கணக்கு. கூரைக் குழாய்களில் உராய்வுக்கு 2 பார், பூமிக்கடியில் வரும் மெயினுக்கும் வால்வுகளுக்கும் 0.6 பார் என்று வைத்தால் கூட்டுத்தொகை 7 பார். கொஞ்சம் கூட்டி வைத்து 7.5 பாருக்குப் பம்பு பார்க்கலாம். சந்தையில் அமெரிக்க அளவில் 1,500 கேலன் பம்பு என்பது நிமிடத்துக்கு 5,678 லிட்டர். நமக்குப் பொருந்துகிறது.

முதலாளி கேட்ட எச்.பி. இப்போது வரும். லிட்டரையும் பாரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட்: 5,678 பெருக்கல் 7.5, வகுத்தல் 600, சுமார் 71 கிலோவாட். இது தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டிய சக்தி. பம்பின் எஃபிஷியன்சி 70 சதவீதம் என்றால் மோட்டார் 101 கிலோவாட் தர வேண்டும். பம்பின் கர்வில் (தண்ணீர் கூடக் கூடப் பிரஷர் எப்படி இறங்குகிறது என்று காட்டுகிற வரைகோடு) வேறு இடத்தில் இது இன்னும் ஏறும் என்பதால் 110 கிலோவாட், அதாவது 150 எச்.பி. மோட்டார். தோட்டத்தில் ஏழரை எச்.பி. போதும், ஏனென்றால் அங்கே யாரும் நிமிடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் லிட்டரை 75 மீட்டர் ஹெட்டில் கேட்பதில்லை.

சாதாரணப் பம்புக்கும் ஃபயர் பம்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கர்வில் இருக்கிறது. ஃபயர் பம்புக்கான அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 20 இரண்டு நிபந்தனை வைக்கிறது. குறித்த அளவைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் போகும்போதும் குறித்த பிரஷரில் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தண்ணீரே போகாமல் வால்வு மூடியிருக்கும்போது பிரஷர் 140 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பம்புக்கு: 8,517 லிட்டரில் குறைந்தது 4.9 பார், மூடிய நிலையில் அதிகபட்சம் 10.5 பார். தீ எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகி நாலு ஹெட் கூடுதலாகத் திறந்தாலும் பம்பு சட்டென்று கையை விரித்துவிடாது. பாசனத்துக்குச் செய்த பம்பின் கர்வ் செங்குத்தாக விழும். அதே லிட்டர், அதே மீட்டர் என்று தகட்டில் எழுதியிருந்தாலும் அது இதற்குச் சரிப்படாது.

"எதுக்கும் இருக்கட்டும், பெருசாவே போட்ருவோம்" என்று சொல்வதும் இங்கே எடுபடாது. பெரிய பிரஷர் பம்பு வைத்தால் மூடிய நிலையில் பிரஷர் ஏறிப்போய், ஸ்பிரிங்க்ளர் ஹெட்டும் ஃபிட்டிங்குகளும் தாங்குகிற வழக்கமான அளவான 12 பாரைத் தாண்டிவிடும். அதற்கு மேல் தாங்குகிற சாமான் வாங்கினால் செலவு ஏறும். பிரஷர் குறைக்கிற வால்வு போட்டுச் சமாளித்தால், சரியாக வேலை செய்தாக வேண்டிய ஐட்டம் ஒன்று புதிதாகக் கூடிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் எங்கே?

பம்பு தண்ணீரை உண்டாக்காது. நம் குடோனுக்கு 5,650 லிட்டர் வீதம் 60 நிமிடம் ஓட வேண்டும் என்றால் 3,39,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 28 லோடுக்கு மேல். போர் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் போர் நிமிடத்துக்கு எவ்வளவு தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் போர்கள் ஆயிரம் அடிக்குக் கீழே போயும் வீட்டுக்கே பற்றுவதில்லை. தண்ணீர் முன்கூட்டியே தொட்டியில் நிற்க வேண்டும், அதுவும் தீக்கென்று தனியாக. குடிக்க, கழுவ எடுக்கிற குழாயை அதே தொட்டியில் வைத்தே தீர வேண்டும் என்றால், தீக்கான தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் அதன் வாய் இருக்க வேண்டும். தொட்டியை இரண்டாகப் பிரித்து இணைத்துக் கட்டினால் ஒரு பக்கம் கழுவும்போது மறு பக்கம் நிறைந்திருக்கும்.

தொட்டி பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பதையும் விடக் கூடாது. ஃபுட் வால்வில் கல் மாட்டி, காற்றுப் பிடித்து, வாளியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி மோட்டாரைப் போட்ட அனுபவம் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கும். தீப்பிடித்த நேரத்தில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. என்.எஃப்.பி.ஏ. 20, படுக்கை வகைப் பம்பு கீழிருந்து உறிஞ்சுவதை ஒப்புக்கொள்வதே இல்லை. தண்ணீர் தானாகப் பம்புக்குள் நிறைந்து நிற்க வேண்டும். சம்பு பூமிக்கடியில்தான் என்றால் தண்ணீருக்குள்ளேயே இம்பெல்லர் இறங்கி நிற்கிற வெர்டிகல் டர்பைன் வகை. நம் நாட்டு நடைமுறையில், பம்பைத் தண்ணீரால் நிரப்பியே வைத்திருக்கிற பிரைமிங் டேங்க் வைத்துச் சமாளிக்க இடமிருக்கிறது. இருந்தாலும் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு தரைமேல் தொட்டிதான்.

ஸ்டேண்ட்பை என்றால் இன்னொன்று என்று அர்த்தமில்லை

அளவு போடுவதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். மாற்று ஏற்பாட்டில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பல இடங்களில் பம்பு ரூமுக்குள் போனால் ஒரே மாதிரி இரண்டு எலக்ட்ரிக் பம்பு பளபளவென்று நிற்கும். ஒன்று மெயின், ஒன்று ஸ்டேண்ட்பை. இரண்டுக்கும் கரண்ட் ஒரே பேனலிலிருந்து, அந்தப் பேனலுக்கு ஒரே கேபிளிலிருந்து. கேபிள் போனால் இரண்டும் போச்சு. கிணற்றில் ஒரே வடக்கயிற்றில் இரண்டு தண்ணீர்ச் சால்களைக் கட்டிக் கவலை இறைப்பது மாதிரி. முதல் பம்பு என்ன காரணத்தால் நிற்குமோ அந்தக் காரணம் இரண்டாவது பம்பைத் தொடக் கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

எலக்ட்ரிக் பம்பு நிற்க முதல் காரணம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சப்ஸ்டேஷனை நிறுத்துவது இங்கே வழக்கமான செய்தி. 2012 வாக்கில் பவர் கட்டில் மில்கள் பட்ட பாடும் மறந்திருக்காது. ஆனால் அதைவிட நிச்சயமான காரணம் ஒன்று இருக்கிறது: தீப்பிடித்ததும் யாராவது ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்வார். செய்யத்தான் வேண்டும். அப்போது ஃபயர் பம்பும் சேர்ந்து நின்றுவிட்டால் என்ன பிரயோஜனம்? அதனால் பம்புக்கான லைன் அந்த மெயின் பிரேக்கருக்கு முன்னாலேயே பிரிந்து, தனிக் கேபிளாக, குடோனுக்குள் நுழையாமல் சுற்றி வர வேண்டும். பம்பு ரூமுக்குள் இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இ.பி. மீட்டர் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும்.

"அதான் டி.ஜி. இருக்குதுங்களே" என்பார்கள். மில் ஓட்டுகிற ஜெனரேட்டர் கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் 150 எச்.பி. மோட்டார் ஓடும்போது 190 ஆம்பியர் இழுக்கும் என்றால், நேரடியாக ஸ்டார்ட் ஆகிற அந்தச் சில நொடிகளில் அதைப் போல ஆறு மடங்கு இழுக்கும். ஏற்கெனவே லோடில் இருக்கிற டி.ஜி. அதில் அமுங்கிப்போகும். ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது என்பது என்.எஃப்.பி.ஏ. 20-இன் வரம்பு. தவிர, டி.ஜி. கரண்ட்டும் அதே மெயின் பேனல் வழியாகத்தானே வருகிறது? அப்படியானால் அந்த வடத்தை இன்னும் நாம் மாற்றவில்லை.

எனவேதான் டீசல் இன்ஜின் நேராகப் பூட்டிய பம்பு. கேபிள் இல்லை, பேனலுக்காகக் காத்திருப்பதில்லை, சொந்த பேட்டரி, சொந்த எண்ணெய். எலக்ட்ரிக் ஒன்று, அதே அளவில் டீசல் ஒன்று, குழாயில் பிரஷரைப் பிடித்து வைக்கச் சின்ன ஜாக்கிப் பம்பு ஒன்று என்பதுதான் நம் பக்கம் பழகிப்போன ஜோடனை. ஐரோப்பிய விதியான ஈ.என். 12845 இதை இன்னும் கறாராகச் சொல்கிறது: உயர்தரத் தண்ணீர் ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டு ஒன்றுக்கு மேல் பம்பு வைத்தால் அதில் ஒன்றுதான் எலக்ட்ரிக்காக இருக்கலாம்.

இன்ஜினும் நிற்கும், அதன் காரணங்கள் வேறு. முதல் எதிரி பேட்டரி. அதனால் இரண்டு செட் பேட்டரி, இரண்டுக்கும் தனித்தனி சார்ஜர். கன்ட்ரோலர் 15 நொடி கிராங்க் செய்யும், 15 நொடி விடும், பேட்டரியை மாற்றி மாற்றி ஆறு தடவை முயன்று பார்த்த பிறகுதான் அலாரம் அடித்து ஓயும். இவ்வளவு ஏற்பாடும், லாரிக்கு பேட்டரி இறங்கிவிட்டது என்று டிரைவர் ஒருவர் அவசரத்துக்குக் கழற்றிக்கொண்டு போகும் வரைதான். பம்பு ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் டிசைனில் சேர்த்திதான்.

எண்ணெய்க்கு எச்.பி.க்கு 3.8 லிட்டர் என்று எடுத்து, பத்து சதவீதம் மேலே வைக்க வேண்டும். நம் 150 எச்.பி.க்குச் சுமார் 625 லிட்டர், முழு லோடில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். வருடக்கணக்கில் நிற்கிற டீசலில் அடியில் தண்ணீர் சேரும். வடித்துவிடுவதற்குக் கீழே ஒரு காக் வைத்து, அதை அவ்வப்போது திறக்கவும் வேண்டும்.

கரண்ட், இன்ஜின் தவிர மூன்றாவதாக ஒன்று: அறை. இரண்டு பம்பும் குடோனுக்குள் ஒரு மூலையில், அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் என்றால் எவ்வளவு டீசல் இருந்தும் பயனில்லை. கட்டிடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி, அல்லது இரண்டு மணி நேரம் தீ தாங்குகிற சுவருக்குப் பின்னால்.

ரொம்பப் பெரிய சிஸ்டம் என்றால்

நிமிடத்துக்குப் பதினொரு ஆயிரம் லிட்டர் கேட்கிற வளாகம் என்று வைப்போம். அந்த அளவுக்கு ஒரு எலக்ட்ரிக், ஒரு டீசல் என்று இரண்டு ராட்சதப் பம்பு வைக்கலாம். அல்லது 5,678 லிட்டர் பம்பு மூன்று: இரண்டு சேர்ந்தால் தேவை தீரும், மூன்றாவது ஸ்டேண்ட்பை. மூன்றில் எது நின்றாலும் மீதி இரண்டு முழுத் தேவையைத் தர வேண்டும். மூன்றுமே எலக்ட்ரிக் என்றால் மறுபடி பழைய கதை. இரண்டு எலக்ட்ரிக், ஒரு டீசல் என்றாலும் கரண்ட் போனால் கையில் மிஞ்சுவது பாதித் தண்ணீர். இதைச் சொன்னால் பல பேர் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் கணக்கு அதுதான். கரண்ட் போவதை நம்பகமான ஆபத்தாக எடுத்துக்கொண்டால் மூன்றில் குறைந்தது இரண்டு டீசலாக இருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது, பாதி அளவுப் பம்பு இரண்டை மட்டும் வைத்துவிட்டு ஒன்றை 'ஸ்டேண்ட்பை' என்று தகட்டில் எழுதிவைப்பது. காகிதத்தில் இரண்டு பம்பு, தீயில் அரைப் பம்பு. டெண்டர் விலை குறைவாக வந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். கூட்டாக ஓடுகிற பம்புகள் ஒரே கர்வ் உள்ளவையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலமானது பலவீனமானதை அமுக்கிவிடும். சின்னது தண்ணீர் தள்ளாமல் சும்மா சுற்றிச் சூடாகும்.

யார் முதலில் கிளம்புவது?

குழாயில் எப்போதும் பிரஷர் நிற்க வேண்டும். எங்கேயாவது கிளாண்டில் சொட்டு ஒழுகினால்கூட மெதுவாக இறங்கும். அதற்காக 150 எச்.பி.யை எழுப்ப முடியாது. அந்தச் சின்ன வேலைக்குத்தான் ஜாக்கி, நம் நாட்டில் சகஜமாக நிமிடத்துக்கு 180 லிட்டர். உதாரணத்துக்கு ஜாக்கி 9 பாரில் நிற்கும், 8.3-க்கு இறங்கினால் ஓடும். ஸ்பிரிங்க்ளர் திறந்தால் ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாது. பிரஷர் 7.9-க்கு இறங்கியதும் எலக்ட்ரிக் கிளம்பும். அது கிளம்பவில்லை, அல்லது கிளம்பியும் தண்ணீர் தள்ளவில்லை என்றால் 7.2-இல் டீசல்.

'கிளம்பியும் தள்ளவில்லை' என்பதை அடிக்கோடிட வேண்டும். மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து டீசலுக்கு சிக்னல் தருகிற பேனல்கள் உண்டு. ஷாஃப்ட் கப்ளிங் தெறித்துப்போய் மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், "மெயின் பம்பு ஓடுகிறது" என்று பேனல் பச்சை விளக்குக் காட்டும். அதனால் ஒவ்வொரு பம்புக்கும் சொந்தமாக ஒரு பிரஷர் குழாய், சொந்தமாக ஒரு ஸ்விட்ச். குழாயில் பிரஷர் இல்லையென்றால் யார் என்ன சொன்னாலும் டீசல் கிளம்பும். இரண்டு பெரிய பம்பு அடுத்தடுத்துக் கிளம்ப வேண்டுமானால் நடுவே 5 முதல் 10 நொடி இடைவெளி விடுவார்கள்.

கிளம்பிய பிறகு, தானாக நிற்காதபடி வைப்பதுதான் நம் வழக்கம். ஆள் வந்து பார்த்துக் கையால் நிறுத்துவார். கரண்ட் அதிகம் இழுத்தால் மோட்டாரை நிறுத்துகிற, தோட்டத்து ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோட் ரிலே இந்தப் பேனலில் கிடையாது. ஃபுல் லோட் கரண்ட்டைப் போல மூன்று மடங்கு இழுத்தாலும் பிரேக்கர் விழக் கூடாது. இன்ஜினில் ஆயில் பிரஷர் இறங்கினாலும் தண்ணீர் கொதித்தாலும் அலாரம் மட்டும் அடிக்கும், இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வேகம் கட்டுக்கு மீறினால் மட்டும்தான் நிறுத்தம். வைண்டிங் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

இதைச் சரிபார்ப்பது கஷ்டமில்லை. வாரம் ஒருமுறை டீசலை 30 நிமிடம், எலக்ட்ரிக்கைப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். பட்டனை அமுக்கி ஓட்டாமல், டெஸ்ட் வால்வைத் திறந்து பிரஷரை இறக்கி, தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை ஃப்ளோ மீட்டர் வைத்து, மூடிய நிலை, முழு அளவு, ஒன்றரை மடங்கு என்று மூன்று இடத்தில் அளந்து, பம்பு வந்த நாளில் கொடுத்த கர்வோடு ஒப்பிட வேண்டும். 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் இம்பெல்லரைத் திறந்து பார்க்க நேரமாகிவிட்டது. டெஸ்ட் முடித்துவிட்டு வெளியே வரும்போது இரண்டு பேனலிலும் ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா, சக்ஷன் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்க.